விளக்கு எரிகிறது, தாள் வரவில்லை: புது வைஃபைக்கு மாறிய வீட்டில் ஒரு பழைய பிரிண்டர்

பின்னணி

ஒரு வீட்டில் இணைய இணைப்பை மாற்றினார்கள். பழைய ரவுட்டர் போய்ப் புதியது வந்தது. கைபேசிகள், டிவி, லேப்டாப் எல்லாம் இருபது நிமிடத்தில் புது வைஃபையில் சேர்ந்துவிட்டன. பிரிண்டர் மட்டும் சேரவில்லை. அதைச் சேர்க்க ஒன்றரை நாள் ஆனது. சேர்த்தது நிலைக்க இன்னும் ஒரு வாரம். அந்த நாட்களில் நடந்ததை வீட்டாரின் சம்மதத்தோடு, ஆள் யார் என்று தெரியாதபடி பதிவு செய்கிறேன். உதவப் போன நானும் சில இடங்களில் தப்பாக முடிவெடுத்தேன். அதையும் மறைக்கவில்லை.

வீட்டில் நான்கு பேர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணக்காளர், அவருடைய கணவர், மாமனார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன். கணவர் அந்த வாரம் ஊரில் இல்லை. பழைய ரவுட்டரை அமைத்தவர் அவர்தான், அதன் விவரம் எல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது என்பது மட்டும் இங்கே முக்கியம்.

பிரிண்டர் 2016-ல் வாங்கிய இங்க்ஜெட். ஸ்கேன், காப்பி இரண்டும் உண்டு. முகப்பில் இரண்டு வரி மட்டும் காட்டும் சின்னத் திரை, நான்கு அம்புக்குறிப் பொத்தான்கள், நடுவில் ஓகே. அதன் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்யும். அந்தக் காலத்து வீட்டுப் பிரிண்டர்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு பக்கம் எழுத்தை அனுப்ப அதற்கு மேல் வேகம் தேவையில்லை, 2.4 சுவர்களைத் தாண்டுவதிலும் 5-ஐவிடக் கெட்டி. எனவே அது ஒரு குறை இல்லை. ஆனால் புது ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டிக்கொண்டிருந்தது.

மாமனாரின் மேசைக் கணினி ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருந்தது. கணக்காளரின் லேப்டாப் அலுவலகம் கொடுத்தது. இந்த இரண்டும் பின்னால் வேறு வேறு விதமாகத் தொல்லை கொடுத்தன.

சனிக்கிழமை மாலை: பாஸ்வேர்டு மேல் பழி

பிரிண்டரின் மெனுவில் போய் வைஃபை பட்டியலைத் திறந்தபோது வீட்டின் புதுப் பெயர் அதில் தெரிந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை உள்ளிட்டார்கள். பதினாறு எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் எல்லாம் கலந்தது. பிரிண்டரில் விசைப்பலகை கிடையாது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் முதலில் சின்ன எழுத்துகள் இருபத்தாறும் ஒவ்வொன்றாக ஓடும், அப்புறம் பெரிய எழுத்துகள், அப்புறம்தான் எண்கள். ஏழு என்ற எண்ணுக்கு வர ஐம்பதுக்கும் மேற்பட்ட தடவை அழுத்த வேண்டும். அவசரத்தில் தாண்டிவிட்டால் திரும்பி வர வேண்டும். ஒரு முறை முழுதாக உள்ளிட நான்கு நிமிடம்.

ஓகே அழுத்தியதும் திரை அரை நிமிடம் யோசித்தது. பிறகு, ‘இணைக்க முடியவில்லை, பாஸ்வேர்டைச் சரிபார்க்கவும்’ என்றது.

அவ்வளவுதான். அன்று மாலை முழுவதும் அந்த ஒரு வரியின் பின்னாலேயே போய்விட்டது. அந்த எழுத்து ஆங்கில ஓவா, சுழியமா? அது சின்ன எல் எழுத்தா, ஒன்று எனும் எண்ணா? மகன் ஸ்டிக்கரைக் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்துச் சொல்ல, அம்மா அழுத்த, தாத்தா எண்ணிக்கொண்டிருந்தார். பதினோரு முறை முயன்றார்கள். பதினோரு முறையும் அதே பதில். இதே பாஸ்வேர்டில் மூன்று கைபேசிகள் ஏற்கெனவே இணைந்திருந்தன என்பதை யாரும் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும், நாம்தான் தப்பாக அழுத்துகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். இயந்திரமே பாஸ்வேர்டு என்று சொல்லும்போது வேறு எதைச் சந்தேகிப்பது?

எட்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது. “பாஸ்வேர்டு ரொம்பச் சிக்கலா இருக்கு, சுலபமா மாத்திடலாமா?” என்று கணக்காளர் கேட்டார். மாற்றுங்கள் என்றேன். இந்த நிகழ்வில் நான் எடுத்த முதல் முடிவு இது, மோசமான முடிவும் இதுதான். சோறு ஆறிக்கொண்டிருந்தது, நாலு கேள்வி கேட்கப் பொறுமை இல்லை.

மகன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போய்ப் பாஸ்வேர்டை மாற்றினான். அந்த நொடியே வீட்டில் இருந்த எல்லாச் சாதனங்களும் கழன்றுவிட்டன. ஒவ்வொன்றிலும் புதியதை உள்ளிட்டு முடிக்க அரை மணி நேரம் போனது. பிரிண்டரில் புது பாஸ்வேர்டை மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். அதே வரி.

அடுத்து, ரவுட்டரின் பின்பக்கம் இருந்த டபிள்யூபிஎஸ் பொத்தானை முயன்றார்கள். அதை அழுத்திவிட்டு இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அதே வசதியைத் தொடங்கினால், பாஸ்வேர்டே இல்லாமல் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். பிரிண்டரின் நீல விளக்கு இரண்டு நிமிடம் கண்சிமிட்டிவிட்டு அணைந்தது. ரவுட்டர் பக்கம் எந்த விளக்கும் அசையவே இல்லை. இது பெரிய துப்பு. பொத்தானை அழுத்தியும் ரவுட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் அங்கே அந்த வசதி அணைந்து கிடக்கிறது என்று பொருள். ஏன் அணைந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றிரவே முடிந்திருக்கும். போனில் இதைச் சொன்னபோது, “சில ரவுட்டர்ல அது சரியா வேலை செய்யாது” என்று சொல்லிக் கடந்துவிட்டேன்.

அன்றிரவு: அவசரத்துக்கு ஒரு கேபிள்

திங்கட்கிழமை காலைக்குள் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டிய படிவம் ஒன்று கணக்காளரிடம் இருந்தது. மூன்று பக்கம். பதற்றத்துக்கு உண்மையான காரணம் அதுதான் என்பது போனில் பேசும்போது மெதுவாகத்தான் வெளியே வந்தது.

பிரிண்டரின் பின்புறம் சதுரமாக ஒரு துளை இருக்கிறதா பாருங்கள் என்றேன். இருந்தது. யுஎஸ்பி கேபிள், ஒரு முனை தட்டை, மறு முனை சதுரம். பிரிண்டர் வாங்கிய பெட்டியிலேயே, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது. மேசைக் கணினியில் செருகினார்கள். பத்து நிமிடத்தில் படிவம் கையில் இருந்தது. வைஃபை பிரிண்டர் என்று சொல்லியே பழகிவிட்டதால், அதற்குக் கம்பி வழியும் உண்டு என்பது எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

இந்த முடிவு நல்லது. அவசரம் தீர்ந்ததால் மறுநாள் நிதானமாகப் பார்க்க முடிந்தது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. கேபிளைச் செருகியதும் கணினி அதைப் புதுப் பிரிண்டர் என்று நினைத்து, அதே பெயருக்குப் பின்னால் ‘நகல் 1’ என்று சேர்த்து இன்னொரு பதிவை உண்டாக்கி, இயல்பான பிரிண்டராகவும் அதையே வைத்துக்கொண்டது. இது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஞாயிறு காலை: நேரில் பார்த்தவை

பத்து மணிக்குப் போனேன். முதலில் பிரிண்டரையே பேசவைத்தேன். பெரும்பாலான வீட்டுப் பிரிண்டர்களில் நெட்வொர்க் அறிக்கை என்று ஒன்றை அச்சடிக்கலாம். சிலவற்றில் வைஃபை பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் மெனுவில் இருக்கும். இதில் மெனுவின் மூன்றாவது அடுக்கில் இருந்தது. ஒரு பக்கம் வந்தது. அதில் நான் குறித்துக்கொண்ட வரிகள்:

வயர்லெஸ் வன்பொருள்: சரி.
நெட்வொர்க் பெயர்: காணப்பட்டது.
சிக்னல்: மிக நன்று.
பாதுகாப்பு முறை பொருத்தம்: தோல்வி.
ஐபி முகவரி (நெட்வொர்க்கில் சேர்ந்த கருவிக்கு ரவுட்டர் கொடுக்கும் எண்): இல்லை.

திரையில் ‘பாஸ்வேர்டைச் சரிபார்க்கவும்’ என்று சொன்ன அதே இயந்திரம், தாளில் ‘பாதுகாப்பு முறை’ என்கிறது. இரண்டு வரித் திரையில் இடமில்லை, அதனால் எல்லாத் தோல்விகளையும் ஒரே வாசகத்தில் அடைத்திருக்கிறார்கள் போல. தாத்தா அந்தத் தாளை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு, “இது நேத்தே இதுக்குள்ளதான் இருந்ததா?” என்றார். ஆமாம், இருந்தது.

ஆனாலும் ஒரு தாளை மட்டும் நம்பாமல் இன்னொரு சோதனை செய்தோம். என் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டேன். அலைவரிசை 2.4, பாதுகாப்பு டபிள்யூபிஏ2 (பழைய கருவிகளுக்கும் தெரிந்த வைஃபை பாதுகாப்பு முறை), பாஸ்வேர்டு எட்டு சின்ன எழுத்துகள். எட்டுக்குக் கீழே அது ஏற்காது. பிரிண்டரில் அதைத் தேர்ந்தெடுத்ததும் இருபது நொடியில் நீல விளக்கு நிலையாக எரிந்தது. ஆக, பிரிண்டரின் வைஃபை நலமாக இருக்கிறது. எழுத்துகளை அழுத்திய விதமும் சரி. கோளாறு ரவுட்டர் பக்கம்தான். ஐந்து நிமிடச் சோதனை, பாதி வீட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். பாதுகாப்பு என்ற இடத்தில் ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்று இருந்தது, அதாவது டபிள்யூபிஏ2-க்கு அடுத்து வந்த முறை மட்டும். “யார் மாத்தினது?” என்று கேட்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மகன் சொன்னான்: “நான்தான். அதுதான் ரொம்பப் பாதுகாப்புன்னு போட்டிருந்துச்சு.” பொருத்த வந்தவர் இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையில் விட்டுப் போனதை, அவர் கிளம்பிய கையோடு இவன் மாற்றியிருக்கிறான். கைபேசிகள் எல்லாம் அதன் பிறகும் ஒழுங்காக இணைந்ததால் அவனுக்கே அது மறந்துபோனது.

அவன் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை என்று அங்கேயே சொன்னேன். வைஃபை கருவிகளுக்குச் சான்றிதழ் தரும் வைஃபை அலையன்ஸ் டபிள்யூபிஏ3-ஐ அறிவித்தது 2018-ல். 2020 ஜூலை முதல் புதிதாகச் சான்றிதழ் வாங்கும் வைஃபை கருவிகளுக்கு அது கட்டாயமானது. கருவியும் ரவுட்டரும் இணையும்போது நடக்கும் கைகுலுக்கலை ஒட்டுக்கேட்டுப் பதிந்துகொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் தாக்குதலை அது தடுக்கிறது. அவன் படித்தது சரிதான். 2016-ல் வாங்கிய பிரிண்டருக்கு டபிள்யூபிஏ3-இன் கைகுலுக்கல் தெரியாது, அவ்வளவுதான். டபிள்யூபிஎஸ் பொத்தான் செத்துக் கிடந்ததற்கும் இதுவே காரணம். டபிள்யூபிஏ3-இல் அந்த வசதிக்கு இடமில்லை. மட்டும் என்று வைத்தால் ரவுட்டர் அதை அணைத்துவிடும்.

முதல் திருத்தம், பாதி வெற்றி

கலப்பு முறைக்குத் திரும்பினோம். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஒரே பெயரில் ஏற்கும் முறை. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பிரிண்டர் மறுபடியும் தோற்றது.

சில பழைய சாதனங்கள் கலப்பு முறையிலும் தடுமாறும். ரவுட்டர் அனுப்பும் அறிவிப்பில் தனக்குப் புரியாத புதுச் சேதிகள் இருந்தால், புரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் மொத்தத்தையும் தள்ளிவிடும். இந்தப் பிரிண்டரில் நடந்தது அதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். நிரூபிக்க வழியில்லை.

இப்போது மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, வீடு முழுவதையும் டபிள்யூபிஏ2-க்கு இறக்குவது. சுலபம், ஆனால் ஒரு பழைய பெட்டிக்காக எல்லோரையும் இறக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு, விருந்தினர் நெட்வொர்க் என்ற தனி வைஃபையை டபிள்யூபிஏ2-இல் திறந்து பிரிண்டரை அதில் விடுவது. மூன்று, 2.4-ஐயும் 5-ஐயும் தனித்தனிப் பெயராகப் பிரித்து, 2.4-ஐ மட்டும் டபிள்யூபிஏ2-இல் வைப்பது.

இரண்டாவதை முதலில் எடுத்தேன். முக்கிய நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம் என்பது கவர்ச்சியாக இருந்தது. விருந்தினர் நெட்வொர்க்கைத் திறந்தோம். பிரிண்டர் இணைந்தது. நீல விளக்கு நிலையாக எரிந்தது. மகன் கைதட்டினான். கணக்காளர் லேப்டாப்பைத் திறந்தார். பிரிண்டர் தெரியவில்லை. கைபேசியில் தெரியவில்லை. மேசைக் கணினியில் ‘ஆஃப்லைன்’.

விருந்தினர் நெட்வொர்க் எதற்காக இருக்கிறது என்று யோசித்தால் காரணம் தெரிந்துவிடும். வந்தவர் இணையத்தைப் பயன்படுத்தலாம், வீட்டுக்குள் இருக்கும் மற்ற கருவிகளைத் தொடக்கூடாது. அந்தச் சுவர்தான் அதன் வேலை. பிரிண்டரைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு இந்தப் பக்கம் நின்று தேடிக்கொண்டிருந்தோம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. விளக்கு நிலையாக எரிந்ததைப் பார்த்த மகிழ்ச்சியில் மறந்துவிட்டேன்.

நிலையான விளக்கு சொல்வது ஒன்றே ஒன்று: பிரிண்டரும் ரவுட்டரும் சேர்ந்துவிட்டன. உங்கள் கணினியும் பிரிண்டரும் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. முந்தைய நாள் முழுக்க முதல் இணைப்பைத் தேடினோம், இனி இரண்டாவதைத் தேட வேண்டும் என்பது இந்த இடத்தில்தான் எனக்கே தெளிவானது.

மூன்றாவது வழிக்குப் போனோம். 2.4-க்குத் தனிப் பெயர், டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை. 5-க்குப் பழைய பெயரே, டபிள்யூபிஏ3. பெயர் இரண்டானாலும் உள்ளே இரண்டும் ஒரே நெட்வொர்க்தான், ஒன்றில் இருப்பவர் மற்றதில் இருப்பவரைப் பார்க்கலாம். 2.4-க்குப் பாஸ்வேர்டையும் வேறாக வைத்தோம்: இருபத்திரண்டு எழுத்து, எல்லாமே சின்ன எழுத்து. நீளமாக இருப்பதால் ஊகிப்பது கடினம், அம்புக்குறியால் அழுத்துவது சுலபம். அதிகபட்சம் அறுபத்து மூன்று எழுத்துவரை வைக்கலாம் என்று மகனிடம் சொன்னபோது அவன் பிரிண்டரின் பொத்தான்களைப் பார்த்து, “வேண்டாம்” என்றான்.

பாதுகாப்புக் கோணத்தில் இது முழுத் தீர்வு அல்ல. இரண்டும் ஒரே நெட்வொர்க் என்பதால், வீட்டின் பலம் இப்போது 2.4-இன் பலம்தான். டபிள்யூபிஏ2-இல் 2017-ல் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது, பல கருவிகளுக்குத் திருத்தம் வந்தது. இந்தப் பிரிண்டரின் மென்பொருளை யாரும் ஒருபோதும் புதுப்பித்ததில்லை. அன்று அதையும் புதுப்பிக்கச் சொன்னோம், ஏதோ ஒரு பதிப்பு இறங்கி நிறுவிக்கொண்டது. நீளமான பாஸ்வேர்டோடு இது ஒரு வீட்டுக்குப் போதும் என்று முடிவு செய்தோம்.

பிரிண்டர் இணைந்தது. மறுபடி நெட்வொர்க் அறிக்கையை அச்சடித்தோம். எல்லா வரியிலும் சரி. ஐபி முகவரி: 192.168.0.23.

ஞாயிறு மதியம்: மூன்று கருவிகள், மூன்று காரணங்கள்

கைபேசிகளில் வேலை எதுவும் இல்லை. அச்சிடு என்று அழுத்தியதும் பிரிண்டரின் பெயர் தானாக வந்தது. ஒரே நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டர்கள் தங்களைத் தாங்களே அறிவித்துக்கொள்ளும், கைபேசி அதைக் கேட்டுக்கொள்ளும்.

மேசைக் கணினி அப்படி இல்லை. அதில் ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் இருந்தது, இரண்டும் ஆஃப்லைன். ‘நகல் 1’ ஆஃப்லைனில் இருந்தது கேபிளைக் கழற்றியதால். பழைய பதிவு ஆஃப்லைனில் இருந்ததன் காரணம் வேறு. அச்சு வேலையை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று சொல்லும் அதன் போர்ட் விவரத்தைத் திறந்தபோது 192.168.1.7 என்று இருந்தது. பழைய ரவுட்டர் கொடுத்த முகவரி. பழைய ரவுட்டரில் எல்லா முகவரியும் 192.168.1 என்று தொடங்கும், புது ரவுட்டரில் 192.168.0. குடிபோனவருக்குப் பழைய கதவெண்ணிலேயே கடிதம் போட்டுக்கொண்டிருந்தது கணினி. யாரும் வாங்காததால் ஆஃப்லைன் என்று சொன்னது.

மாற்றும் முன் ஒரு சோதனை: மேசைக் கணினியின் பிரவுசரில் 192.168.0.23 என்று நேரடியாக அடித்தோம். பிரிண்டரின் உள்பக்கம் திறந்தது, மை அளவு உட்பட. ஆக, வழி திறந்திருக்கிறது, முகவரிதான் தப்பு. ‘நகல் 1’-ஐ நீக்கினோம். பழைய பதிவில் புது முகவரியைப் போட்டு ஓகே கொடுத்தேன்.

பிரிண்டர் கனைத்துக்கொண்டு தாளை இழுத்தது. எல்லோரும் சிரித்தோம். ஒரு பக்கம் வந்தது, இரண்டு வந்தது, நிற்கவில்லை. சனிக்கிழமை மாலை ‘வந்துவிடாதா’ என்று ஒவ்வொருவரும் அழுத்தியதெல்லாம் வரிசையில் காத்திருந்தது. மொத்தம் பதினான்கு வேலை. மகனின் ஒன்பது பக்கப் பாடக்குறிப்பு ஆறு முறை, தாத்தா பெரிய எழுத்தில் படிக்க எடுத்த இரண்டு பக்கக் கட்டுரை ஐந்து முறை, சோதனைப் பக்கம் மூன்று. நான் வரிசையைத் தேடித் திறப்பதற்குள் தாத்தா எழுந்துபோய்த் தாள் தட்டையே உருவிவிட்டார். முப்பத்தொரு பக்கம் வந்திருந்தது. கறுப்பு மையின் அளவு கண்ணெதிரே ஒரு கோடு இறங்கியிருந்தது. முகவரியை மாற்றுவதற்கு முன் வரிசையை ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும்.

லேப்டாப்பில் இரண்டு முடிச்சு. புது வைஃபையை அது பொது நெட்வொர்க் என்று வகைப்படுத்தியிருந்தது. பொது இடம் என்று நினைத்தால் பக்கத்தில் இருக்கும் கருவிகளைத் தேடாது, தன்னையும் காட்டாது. தனிப்பட்டது என்று மாற்றியதும் பிரிண்டர் தெரிந்தது. ஆனால் அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன்-ஐ இயக்கியதும் மறைந்தது. அந்த விபிஎன் எல்லாப் போக்குவரத்தையும் அலுவலகத்துக்கே திருப்பிவிடும்படி அமைந்திருக்கிறது, வீட்டுக்குள் இருக்கும் முகவரியும் அதில் அகப்பட்டுக்கொள்கிறது. இதை மாற்ற நமக்கு உரிமை இல்லை, மாற்றப் பார்ப்பதும் சரியில்லை. கோப்பைச் சேமித்து, விபிஎன்-ஐ அணைத்து, அச்சிட்டு, மறுபடி இணைவது என்று கணக்காளரே வழக்கம் வைத்துக்கொண்டார். பழைய இணைப்பிலும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தாராம். அதைச் சனிக்கிழமை யாரும் நினைவுபடுத்தவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். ரவுட்டரில் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்க வேண்டும் என்று தெரியும். களைப்பாக இருந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை: விட்டதன் பலன்

வெள்ளி மாலை கொஞ்ச நேரம் மின்சாரம் போய் வந்தது. மறுபடி போன். கைபேசியில் வருகிறது, மேசைக் கணினியில் ஆஃப்லைன்.

இந்த முறை கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது. நெட்வொர்க் அறிக்கையை அச்சடித்து ஐபி முகவரியைப் படிக்கச் சொன்னேன். 192.168.0.31. ரவுட்டர் அணைந்து எழுந்தபோது யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கு அழிந்து, முதலில் வந்த கைபேசிக்கு 23-ஐக் கொடுத்துவிட்டது. பிரிண்டர் எழுந்து வர நேரமாகும், அதற்கு வேறு எண் கிடைத்தது. பெயரைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் கைபேசிகளுக்கு இது உறைக்கவில்லை, எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த மேசைக் கணினிக்கு உறைத்தது.

போனிலேயே சொல்லிச் சொல்லி, மகன் ரவுட்டரில் முகவரி ஒதுக்கீட்டுப் பகுதியைத் திறந்தான். அறிக்கையில் அச்சாகியிருந்த பிரிண்டரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாளத்தை, பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாகப் பார்த்து உள்ளிட்டான். அதற்கு எப்போதும் 23-தான் என்று பதிந்தான். பிரிண்டரை அணைத்துப் போட்டதும் 23 வந்தது. பன்னிரண்டு நிமிட வேலை. சனிக்கிழமை ஒரு பாஸ்வேர்டை மூன்று முறை அழுத்திய நேரம்.

இன்னொரு முறை என்றால்

பழைய ரவுட்டரைக் கழற்றும் முன், அதன் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றையும் படமெடுத்து வைக்கச் சொல்வேன். புது ரவுட்டருக்கு அதே மூன்றையும் கொடுத்துவிட்டால் பழைய கருவிகள் ஆள் மாறியதே தெரியாமல் சேர்ந்துகொள்ளும் என்பது தெரிந்த தந்திரம். பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் ஒன்றாக வைத்துப் பாதுகாப்பு முறையை வேறாக விட்டால் பலிக்காது. இந்த வீட்டில் அதுதான் நடந்திருக்கும்.

போனில் பேசும்போது கேட்கும் முதல் கேள்வியை மாற்றிவிட்டேன். என்ன செய்தீர்கள் என்று கேட்பதில்லை. வேறு எந்தக் கருவி இதே பாஸ்வேர்டில் இணைந்திருக்கிறது என்று கேட்கிறேன். இரண்டாவது, இன்று ரவுட்டரில் யாராவது எதையாவது மாற்றினீர்களா என்பது. இதைக் குற்றம் சாட்டும் தொனி வராமல் கேட்க வேண்டும். அன்று நான் கேட்ட விதத்தில் பையன் ஒரு நிமிடம் மிரண்டுவிட்டான்.

பாஸ்வேர்டை மாற்றச் சொன்னதை எந்த நிலையிலும் திரும்பச் செய்ய மாட்டேன். ஒரு கருவியின் சிக்கலை ஏழு கருவிகளுக்குப் பரப்பினேன், திரும்ப எங்கே இருந்தோம் என்பதே குழம்பிப்போனது. ஹாட்ஸ்பாட் சோதனையை நான் நேரில் போகாமலே மகன் செய்திருக்க முடியும். யுஎஸ்பி கேபிள் யோசனை பதினோராவது முயற்சிக்குப் பிறகு வந்தது, அது முதல் முயற்சிக்குப் பிறகே வந்திருக்க வேண்டும்.

விருந்தினர் நெட்வொர்க்கைப் பற்றி எனக்கு இன்னும் இரண்டு மனம். பழைய, புதுப்பிப்பு வராத கருவிகளைத் தனியே ஒதுக்கிவைப்பது பாதுகாப்புக்கு நல்லதுதான். ஒதுக்கியும் வைத்து, வீட்டிலிருந்து அதற்கு மட்டும் ஒரு சின்ன வாசலும் திறக்கும் வசதி சில ரவுட்டர்களில் உண்டு. இந்த வீட்டின் ரவுட்டரில் இல்லை.

இப்போதைய நிலை

மூன்று மாதமாகப் பிரிண்டர் ஒரே முகவரியில் இருக்கிறது. இடையில் இரண்டு முறை மின்சாரம் போனது, தானாக இணைந்துகொண்டது. ஞாயிறன்று அச்சான கடைசி நெட்வொர்க் அறிக்கையை ஸ்கேனர் மூடியின் உள்பக்கம் தாத்தா ஒட்டிவைத்திருந்தார். மூடியோடு சேர்ந்து ஸ்கேன் ஆகிவிடும் என்று சொன்ன பிறகு பக்கவாட்டுக்கு மாற்றினார். ஐபி முகவரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறது. அதன் அடியில் மகனின் கையெழுத்தில் ஒரு வரி: ‘பிரிண்டர் மாறினால் 2.4-ஐயும் டபிள்யூபிஏ3-க்கு மாற்று.’